வேலையை விட்டுட்டு ஊர் பார்க்கப் போனவனைப் பற்றி



"மாலைதீவில இருந்த நல்ல வேலைய விட்டுட்டு, முதுகில பேக்கக் கொழுவிக்கிட்டு ஊர் சுத்தப் போறானாமே உங்கட மருமகன்?" இந்தக் கேள்வியை ஒரு மாதமாகக் கேட்கிறோம். மீன் சந்தையில், பள்ளிவாசல் ஹவுழடியில், பாடசாலை ஆசிரியர் அறையில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள், இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். மருமகனிடமும் ராத்தாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம்.

முதலில் நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை மாலைதீவில் நிலைத்து நிற்கப் போனவன் இல்லை. அதற்கு முந்திய வருடம் கேரளாவையும் தமிழ்நாட்டையும் ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றினான். மதுரையோடு கைக்காசு முடிந்து வீடு வந்தான். மீதிப் பயணத்துக்குக் காசு சேர்க்கத்தான் அங்கே ஒரு சுற்றுலா விடுதியில் ஒரு வருட ஒப்பந்தத்துக்குப் போனான். ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்தது. "இன்னும் இரண்டு வருடம் நில்லு" என்று விடுதிக்காரர்கள் கேட்டார்கள். இவன் மாட்டேன் என்றான்.

ராத்தாவுக்கு ஏன் நெஞ்சு வெடித்தது என்று நம் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. நமது கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குமர் இருக்கும் வீட்டில் ஆண்பிள்ளையின் வெளிநாட்டுச் சம்பளம் கல்லாகவும் கம்பியாகவும் சீமெந்தாகவும்தான் கண்ணுக்குத் தெரியும். மச்சான் வபாத்தாகி ஆறு வருடம். 2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியபோது நின்றுபோன எத்தனையோ வீடுகளில் ராத்தாவின் மகளுக்குக் கட்டிய வீடும் ஒன்று. லிண்டல் மட்டத்தில் நின்றது.

ராத்தாவின் கோபம் எங்கள் மேலும்தான். "சின்ன வயசுல இப்னு பதூதா கதைய நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றார். உண்மைதான், சொன்னோம். ஆனால் முழுக் கதையையும் ராத்தாவும் கேட்கவேண்டும், ஊரும் கேட்கவேண்டும் என்று நினைக்கிறோம். ஏனென்றால் இதே மாலைதீவில், இதேபோல ஒரு தற்காலிக வேலையை விட்டுவிட்டுப் போனவர்தான் அவர்.

1325இல் மொறோக்கோவின் தஞ்சா நகரிலிருந்து ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டபோது இப்னு பதூதாவுக்கு 21 வயது. ஹஜ் முடிந்தும் நடை நிற்கவில்லை. டில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கிடம் காழியாக இருந்தார். பிறகு அந்த சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டு, கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் புயலில் உடைந்ததால் எல்லாவற்றையும் இழந்தார். 1343 அளவில் மாலைதீவுக்கு வந்தார். அங்கிருந்து இலங்கை, மஃபர், வங்காளம், சீனா என்று போவதே அவர் திட்டம். மஃபர் என்றால் நமக்கு எதிரே கிடக்கும் தமிழகக் கரை.

ஆனால் டில்லியில் காழியாக இருந்தவர் என்று தெரிந்ததும் மாலைதீவுக்காரர் விடவில்லை. அப்போது அங்கே ஆட்சி செய்தவர் சுல்தானா கதீஜா என்ற பெண். அவருடைய அரசில் இவர் காழியானார். பெரிய குடும்பங்களில் திருமணங்களும் நடந்தன. பதவி, வீடு, மரியாதை எல்லாம் இருந்தது. பிறகு ஒரு வழக்கில் வஸீரோடு முரண்பாடு வந்தது. பதவியை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

நாங்கள் வகுப்பில் சொல்லாமல் விட்ட இடம் இதுதான். நினைத்தவுடன் கப்பலேற விடவில்லை. மனைவியரின் மஹரையும், கடன்காரருக்குக் கொடுக்கவேண்டியதையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதே வஸீரின் நிபந்தனை. கணக்கைத் தீர்த்துவிட்டே 1344இல் புறப்பட்டார்.

மஃபருக்குப் போன கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளியது. அவர் இறங்கிய ஊர் புத்தளம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அப்போது அங்கே இருந்தார். பாரசீக மொழி தெரிந்தவர், முத்துக்களைக் கொடுத்து உபசரித்தார். இவர் கேட்டதோ பாவா ஆதம் மலைக்கு வழி. மன்னர் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தன் ஆட்களில் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணி, தமிழ் மன்னர், யோகிகள், சிங்கள நாட்டு மலை. இந்தத் தீவில் இப்படியும் ஒரு பயணம் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இன்றைக்கும் எங்களுக்கு மனசு நிறையும். தெவிநுவர, காலி, கொழும்பு என்று சுற்றிப் புத்தளம் திரும்பி மதுரை போனார். நமது வாவிப் பக்கம் மட்டும் வரவில்லை.

இந்தப் பயணத்துக்கு விலையும் இருந்தது. மாலைதீவில் விட்டுவந்த மனைவி ஒரு மகனைப் பெற்றிருந்தார். பிள்ளையைப் பார்க்கத் திரும்பிப் போனார் பதூதா. கூட்டிக்கொண்டு போக நினைத்து, பிறகு தாயிடமே விட்டுவிட்டு வந்தார். வாப்பா இறந்த செய்தி பதினைந்து வருடம் கழித்து டமஸ்கஸில்தான் காதில் விழுந்தது. 1349இல் சொந்த நாட்டுக்கு வந்தபோது, சில மாதங்களுக்கு முன்புதான் உம்மா கொள்ளைநோயில் மௌத்தாகியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 'ரிஹ்லா' 1355இல் முடிந்தது. உலகத்துக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. அந்த உம்மாவுக்கு மகன் கிடைக்கவில்லை.

இதை முழுதாக ராத்தாவுக்கும் மருமகனுக்கும் முன்னால் வைத்துச் சொன்னோம். இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம்.

வேலைக்குப் போக உம்மாவின் காப்பை அடகு வைத்திருந்தான். அது மீட்கப்பட்டு வீட்டில் இருக்கிறது. ஏஜென்சிக்காகச் சாச்சாவிடம் வாங்கிய கடனும் அடைந்துவிட்டது. வீட்டுக்குக் கூரை மரமும் ஓடும் வாங்கி இறக்கியாகிவிட்டது. பூச்சும் நிலமும் பாக்கி. மிச்சக் காசில் பாதியை ராத்தாவின் வங்கிக் கணக்கில் போட்டான், பாதியை வழிச்செலவுக்கு வைத்தான். நான்கு மாதம் டில்லி, காஷ்மீர், நேபாளம். கிழமைக்கு இரண்டு தரம் உம்மாவுக்கு வீடியோ கோல். நோய், மௌத்து என்றால் எங்கிருந்தாலும் அடுத்த விமானத்தில் வருவான். திரும்பி வந்து மிச்ச வேலையை முடித்துக் கொடுப்பான். இவ்வளவும் அவனுடைய கையெழுத்தில் அந்தக் கொப்பியில் இருக்கிறது.

இதைப் பார்த்து வேலையை விட நினைக்கும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்கிறோம். ஒப்பந்தக் காலத்தை முடியுங்கள். முடியாவிட்டால் முன்னறிவித்தல் கொடுத்து, வேலை விசாவை முறையாக ரத்துச் செய்து, சேவைக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். சவூதியில் 'ஹுரூப்' விழுந்தவர்கள் நாடு திரும்பப் பட்ட பாடு நமது ஊருக்குப் புதிதல்ல. வீட்டில் அடகும் கடனும் இருக்கும்போது பேக்கைத் தூக்காதீர்கள். எல்லாவற்றையும் தீர்த்த பிறகு போகிறவனை ஊரும் தடுக்க வேண்டாம். இருபத்தைந்து வயதில் பார்க்காத ஊரை ஐம்பது வயதில் முழங்கால் வலியோடு பார்ப்பது கஷ்டம்.

மருமகன் போன கிழமை கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் பறந்துவிட்டான். ராத்தா இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. அவரைக் காணும்போது "மகன் எவ்வளவு அனுப்புறான்?" என்று கேட்காதீர்கள். "இப்ப எந்த ஊர்ல நிக்கிறான்?" என்று கேளுங்கள். பதில் சொல்லுவார். நேற்று எங்களுக்குச் சொன்னார்.

பிள்ளைக்காகத் துஆச் செய்யுங்கள்.