சாந்தாகத்தா: காளைச் சின்னத்துக் கார்களின் ஊர்

இத்தாலியின் பொலோனியா நகரிலிருந்து வடமேற்கே 25 கிலோமீட்டர் போனால் சாந்தாகத்தா பொலோனியேசே வரும். மக்கள்தொகை 7,000 சொச்சம். போ ஆற்றுச் சமவெளி என்பதால் மேடு பள்ளம் கிடையாது; எங்கு பார்த்தாலும் வயலும் வாய்க்காலும்தான். 1951இல் நடந்த முதல் சான்ரேமோ இசை விழாவில் வென்ற பாடகி நில்லா பிட்சி பிறந்த ஊர் இது. இங்கே பார்த்தெசிபான்சா என்றொரு ஏற்பாடு இடைக்காலத்திலிருந்து இருந்துவருகிறது. ஊர்ப் பொதுநிலத்தைப் பழைய குடும்பங்களின் வாரிசுகள் சில ஆண்டுகளுக்கொரு முறை பங்கு பிரித்து உழுதுகொள்வார்கள்.

உழவர்களின் இந்த ஊரில்தான் லம்போர்கினி கார்கள் பிறக்கின்றன.

ஃபெருச்சியோ லம்போர்கினியும் உழவர் வீட்டுப் பிள்ளைதான். பக்கத்துச் சென்டோ வட்டாரத்தின் ரெனாட்சோ கிராமத்தில் 1916இல் பிறந்தவர். போர்க்காலத்தில் ரோட்ஸ் தீவில் விமானப்படை வண்டிகளைப் பழுது பார்த்தார். போர் முடிந்ததும், ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளின் பாகங்களைக் கொண்டு டிராக்டர் செய்து விற்றுப் பணக்காரரானார். தன் ஃபெராரியின் கிளட்ச் சரியில்லை என்று என்ஸோ ஃபெராரியிடம் சொல்லப்போய் அவமானப்பட்டார், அந்த ரோஷத்தில்தான் கார் செய்யக் கிளம்பினார் என்ற கதை ஊரறிந்தது. என்னை ஈர்ப்பது ரோஷத்தைவிட அவர் தேர்ந்தெடுத்த இடம்தான். ஒரு பக்கம் ஃபெராரியும் மசெராட்டியும் இயங்கும் மொடெனா, மறுபக்கம் டுகாட்டியின் பொலோனியா. கடைசல், வார்ப்படம், தகடு வேலை எல்லாவற்றிலும் கைதேர்ந்த ஆட்கள் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்தார்கள். 1963இல் மொடெனா சாலையோரத்தில் தொழிற்சாலை எழுந்தது.

அந்த ஆண்டே துரின் கண்காட்சிக்குப் போன முதல் காரின் பானெட்டுக்குள் எஞ்சின் பொருந்தவில்லை. எடைக்குச் செங்கற்களை வைத்து மூடிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு 350 ஜிடி விற்பனைக்கு வந்தது. 1965இல் அதே துரினுக்கு உடற்கூடே இல்லாத வெறும் சேஸி ஒன்று போனது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 12 சிலிண்டர் எஞ்சின் குறுக்குவாட்டில் கிடந்தது. இடம் மிச்சப்படுத்த எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்புக்குள். நிறுவனத்தின் பொறியாளர்களான தல்லாரா, ஸ்டான்சானி, சோதனை ஓட்டுநரான நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ் ஆகிய மூவரும் ஓய்வு நேரத்தில் உருவாக்கியது; ஒருவருக்கும் அப்போது 30 வயது ஆகவில்லை. பெர்தோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி அதற்கு வடிவம் கொடுக்க, 1966இல் மியூரா ஆனது. அதைவிட அழகான கார் இந்த ஊரிலிருந்து இன்றுவரை வெளிவரவில்லை என்பேன்.

1974இல் விற்பனைக்கு வந்த கூன்டாச்சும் காந்தினியின் கைவண்ணம். அதில் பின்பக்கம் கண்ணுக்கே தெரியாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமானால் ஓட்டுநர் கதவை மேலே தூக்கிவிட்டு, அகன்ற பக்கவாட்டு விளிம்பில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்புவார்.

அதற்குள் ஃபெருச்சியோ கார் நிறுவனத்தை சுவிஸ்காரர்களுக்கு விற்றுவிட்டு, உம்பிரியாவில் திராட்சைத் தோட்டம் போடப் போய்விட்டார். 1978இல் நிறுவனம் திவாலானது. செனகலில் சர்க்கரை ஆலை நடத்திய மிம்ரான் சகோதரர்கள், 1987இல் அமெரிக்காவின் கிரைஸ்லர், 1994இல் இந்தோனேசியப் பணம், 1998இல் ஜெர்மனியின் ஔடி எனக் கைமாறிக்கொண்டே இருந்தது. யார் வாங்கினாலும் கார் சாந்தாகத்தாவில்தான் செய்யப்பட்டது. வேலை தெரிந்த கைகள் அங்கேதான் இருந்தன என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஔடி காலத்தில் கயார்டோ என்ற மாடல் 14,000க்கு மேல் உற்பத்தியானது. உருஸ் எஸ்யூவிக்காகத் தொழிற்சாலைப் பரப்பை 80,000 சதுர மீட்டரிலிருந்து 1,60,000 ஆக்கினார்கள். 2023இல் விற்றவை 10,112 கார்கள். அந்த டிசம்பரில் தொழிற்சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு ஷிஃப்டில் வேலை பார்க்கும் தொழிலாளிகளுக்கு ஒரு வாரம் ஐந்து நாள் வேலை, மறுவாரம் நான்கே நாள். சம்பளத்தில் பிடித்தம் கிடையாது.