தண்டவாளத்தை ஒட்டிய வீடு

எண்பதுகளில் குளுவாங்கில் எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஜொகூர் மாநிலத்து வழக்கம் அது. 1994-இல்தான் சனி, ஞாயிறு என்று மாறியது. கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா பிள்ளைகள் ஞாயிறு காலை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நாங்கள் பையை மாட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குக் கிளம்புவோம். "இன்னைக்குமா பள்ளிக்கூடம்?" என்று அவர்கள் கேட்கும்போது, ஊருக்கென்று தனிக் கணக்கு இருப்பதில் எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸ் வரிசையில் முக்கால்வாசி தமிழ் வீடுகள். அப்போது ஒற்றைத் தடம். எதிரே இன்னொரு வண்டி வந்துவிடக்கூடாதே, அதற்காக அடுத்த நிலையம் வரைக்குமான சாவி டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி நகரும். சாவி ஒரு தோல்பைக்குள் இருக்கும்; பை ஒரு பெரிய வளையத்தில் தொங்கும். நிற்காமல் போகும் கூட்ஸ் வண்டி என்றால் அப்பா மேடை ஓரத்தில் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். டிரைவர் பழைய வளையத்தை வீசிவிட்டு, கையை வெளியே நீட்டிப் புதியதை முழங்கையில் வாங்கிக்கொள்வார். பட்டென்று ஒரு சத்தம். அதற்குள் நாலு பெட்டி கடந்திருக்கும். அப்பா கையை ஒருமுறை உதறிக்கொள்வார். மாலையில் வாசலில் உட்கார்ந்து அந்தக் கைக்கு அம்மா தைலம் தேய்த்துவிடுவதைப் பார்த்த பிறகுதான் அது விளையாட்டல்ல என்று எனக்குப் புரிந்தது.

சம்பளம் வந்த மறுநாள் ஸ்டேசன் காப்பிக்கடையில் பசியாறல். ஹைனானியச் சீனக் குடும்பம் 1938-இல் தொடங்கிய கடை. கரியடுப்பில் வாட்டிய பன்னைப் பிளந்து வெண்ணெயும் காயா ஜாமும் தடவித் தருவார்கள். வெண்ணெய் உருகி விரலிடுக்கில் இறங்கும். அப்பாவுக்குப் பால் சேர்க்காத கோப்பி ஓ. எனக்கு அவர் தட்டில் ஊற்றி ஆற்றிய பாதி. பக்கத்து மேசையில் மலாய்க்கார போர்ட்டர், அந்தப் பக்கம் தோட்டத்திலிருந்து லாரியில் வந்த பால்மரம் வெட்டும் அக்காமார்கள். பேச்செல்லாம் மலாயில்தான், எல்லோருக்கும் எல்லோர் வீட்டு விஷயமும் தெரியும்.

இரவு ஒன்பதுக்கெல்லாம் கடைத்தெரு அடங்கிவிடும். லம்பாக் மலைப் பக்கமிருந்து காற்று வரும். இரவு மெயில் போகும்போது வீடே அதிரும்; நாங்கள் எழுந்திருக்கமாட்டோம். வண்டி தாமதமானால்தான் அம்மாவுக்கு விழிப்பு வரும்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின. என் வயதுக்காரர்கள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். நானும் போனேன். 2025-இல் இரட்டைத் தடத்தில் மின்ரயிலே குளுவாங்குக்கு வந்துவிட்டது. இனி யாரும் ஓடும் வண்டிக்குக் கையை நீட்ட வேண்டாம், அது நல்லதுதான்.

அக்கரையில் இருக்கும் குளுவாங்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருநாள் கூத்தாகக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பாமல், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை நாலைந்து நாள் ஊரில் தங்க வையுங்கள்.