செந்தூர்க் கரையிலிருந்து எஸ். ஜானகி அம்மாவுக்கு

அன்புள்ள ஜானகி அம்மா,

‘கொஞ்சும் சலங்கை’ 1962 பொங்கலுக்கு வந்த படம். நான் அதற்குப் பிறகு பிறந்தவன். ஆனாலும் அதில் நீங்கள் பாடிய ‘சிங்கார வேலனே’ எங்கள் வீட்டுச் சோற்றில் பங்குள்ள பாட்டு. அப்பா திருச்செந்தூரில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் பிள்ளையார் பாட்டு முடிந்த கையோடு உங்கள் ரிக்கார்டைத்தான் எடுப்பார். செந்திலாண்டவரைப் பாடும் பாட்டை இந்த ஊரில் எவர் வேண்டாமென்பார்? ஆனால் அப்பாவுக்கு அதைவிட வலுவான காரணம் ஒன்று இருந்தது.

அம்மா, புதுக் குழாய் ஒலிபெருக்கி வாங்கினால் அவர் அதைச் சோதிப்பது உங்கள் குரலை வைத்துத்தான். நீங்கள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குழாய் கரகரத்தால் அந்த யூனிட் தேறாது. சுரங்கள் விரைந்து உருளும் பிருகா இடத்தில் அவை ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு வந்தால் ஆம்ப்ளிஃபயரில் கோளாறு. “அந்தம்மா ஒவ்வொண்ணையும் தனித்தனியா வைக்காங்கலே. ஒட்டிக்கிட்டு வந்தா தப்பு நம்ம பெட்டில” என்பார். சங்கீதம் படித்தவரில்லை. இருந்தும் வேகமாகப் பாடுவதில் எது கஷ்டம் என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். விரைந்து ஓடப் பலருக்கும் வரும். ஓட்டத்துக்குள் மத்தியமம் மத்தியமமாகவும் பஞ்சமம் பஞ்சமமாகவும் கலையாமல் நிற்பது லேசில் வராது. அந்தக் காதை எங்களுக்குக் கொடுத்தது உங்கள் தொண்டை.

அம்மா, அந்தப் பாட்டில் உங்களுக்கு எதிரில் நின்றவர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். நாயன வித்வான் காருகுறிச்சி அருணாசலம்; டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியில் வீடு கட்டிக் குடியிருந்த எங்கள் பக்கத்து மனிதர். நாயனமோ, அதாவது நாகஸ்வரமோ, திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். தேரோட்டத்தில் எத்தனை ஜனம் இரைந்தாலும் அதன் சத்தம் மேலே கேட்கும். பக்கத்தில் நின்று வெறும் குரலில் பாடினால் எவர் பாட்டும் எடுபடாது. ஒலிப்பதிவு அறையின் மைக்தான் உங்கள் மெல்லிய குரலை அந்த வாத்தியத்துக்குச் சமமாக நிறுத்தியது. மைக்செட்காரன் மகனாக இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கூடவே ஒன்றும் சொல்ல வேண்டும்: மைக் எதையும் மறைக்காது. ஒரு சுரம் வழுக்கினாலும் ஊருக்கெல்லாம் கேட்டுவிடும். நீங்கள் வழுக்கவில்லை.

அம்மா, அந்தப் பாட்டின் தொடக்கத்தை எத்தனை முறை கேட்டாலும் அலுக்கவில்லை. கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதியதை எஸ்.எம். சுப்பையா நாயுடு ஆபேரி ராகத்தில் அமைத்தார். படத்தில் சாவித்திரி பாட ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திவிட, ஜெமினி கணேசன் பாடச் சொல்லிக் கெஞ்சுவார். மறுபடி எடுக்கும் பாட்டோடு நாயனம் சேர்ந்துகொள்ளும். பிறகு நீங்கள் ஒரு சுரக்கோவையை வைப்பீர்கள். நாயனம் அதை வாங்கித் திருப்பித் தரும். ஆபேரி ஏறும்போது ரிஷபத்தையும் தைவதத்தையும் தாண்டிப் போகிற ராகம். இறங்கும்போது ஏழையும் தொட்டு வரும். ஏற்றத்தில் தாவ வேண்டும், இறக்கத்தில் ஒன்றைக்கூட விடக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே நீங்கள் வேகத்தைக் கூட்டுவீர்கள். ஸரிகம என்று எழுத்துச் சொல்லிப் பாடும்போதாவது நாக்கு ஒவ்வொரு சுரத்தையும் வெட்டிக் கொடுக்கும். ‘ஆ’ என்று மட்டும் பாடும் அகாரத்தில் நாக்குக்கு வேலை இல்லை. வாய் திறந்தபடி இருக்க, தொண்டையும் உள்ளிருந்து வரும் காற்றும்தான் சுரத்துக்குச் சுரம் வரம்பு கட்ட வேண்டும்.

அம்மா, அந்தக் காற்றுக் கணக்கை எனக்கு விளங்கவைத்தவர் சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர். எங்கள் தூத்துக்குடிக் கடலில் 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றது; சங்குகுளிப்பு மட்டும் தொடர்ந்தது. “மூச்சை அதிகமா இழுத்துட்டுப் போறவன் கெட்டிக்காரன் இல்லப்பா. அடியில போயி பதறாம, கொஞ்சங் கொஞ்சமாச் செலவழிக்கிறவன்தான் கெட்டிக்காரன்” என்றார். அன்றைக்கு வீடு திரும்பி உங்கள் பாட்டைப் போட்டுக் கேட்டேன். சுரவரிசை நீள நீள, நீங்கள் மூச்சுக்குத் தவிப்பதே இல்லை. எங்கே எடுத்தீர்கள் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் மேடைக் கச்சேரிகளைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். கையில் ஒரு கைக்குட்டை, கண் எதிரிலுள்ள தாளில், முகத்தில் சலனமே கிடையாது. உடம்பு அசைந்தால் அசைவுக்கும் மூச்சுச் செலவாகும் என்று கணக்குப் பார்த்தது போல நிற்பீர்கள்.

அம்மா, ஓபரா கேட்கும் பழக்கமும் நீங்கள் போட்ட பிச்சைதான். ஐரோப்பாவில் பெண்குரலிலேயே மிக உயர்ந்த, மிக லாகவமான குரலைக் கொலராத்துரா சொப்ரானோ என்பார்கள். டொனிசெட்டியின் ‘லூசியா டி லாமர்மூர்’ 1835-இல் நேப்பிள்ஸில் அரங்கேறியது. கடைசி அங்கத்தில் சித்தம் கலங்கிய லூசியா பாடும் காட்சியில் குரலும் புல்லாங்குழலும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். டொனிசெட்டி முதலில் நினைத்தது புல்லாங்குழலையே அல்ல. கண்ணாடிக் கிண்ணங்களைத் தேய்த்து வாசிக்கும் வாத்தியத்தை. இன்று உலகமே கொண்டாடும் அந்த நீண்ட குரல்–குழல் உரையாடல் பின்னாளில் வந்து சேர்ந்தது. 1959-இல் லண்டன் கோவன்ட் கார்டனில் லூசியாவாகப் பாடி உலகப் புகழ் பெற்ற ஜோன் சதர்லண்டின் குரலில் அதைக் கேட்டபோது, யாருடைய வீட்டுக்கோ போய்விட்ட கூச்சம் எனக்கு இல்லை. நாயனம் இருந்த இடத்தில் குழல் இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா, வித்தியாசத்தையும் உங்களை வைத்தே கற்றுக்கொண்டேன். மோட்ஸார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ (1791) ஓபராவில் இரவின் ராணி கோபத்தின் உச்சியில் சுரங்களை ஒவ்வொன்றாகக் குத்திக் குத்திப் பாடுவாள். ஒவ்வொன்றும் அசையாமல் அதனதன் இடத்தில் நிற்கும். பக்கத்துச் சுரத்தோடு மாற்றி மாற்றி அதிர வைக்கும் ட்ரில் அங்கே தனியொரு அணி. உங்கள் ஆபேரியிலோ காந்தாரமே அசைந்துதான் வர வேண்டும். அசைவை எடுத்துவிட்டால் ராகமே போய்விடும். அங்கே சுரத்தின் மேல் பூட்டுகிற நகை இங்கே சுரத்தின் உடம்பு. இதைத் தெரிந்துகொண்டபின் இரண்டையும் போட்டி வைத்துக் கேட்பதை விட்டேன். டெலிப் என்ற பிரெஞ்சுக்காரரின் ‘லக்மே’ (1883) நம் நாட்டில் நடப்பதாகவே கதை. பிராமணப் பூசாரி தன் மகளைக் கடைத்தெருவில் பாட வைப்பார். அவள் தொண்டையிலேயே மணியோசை எழுப்புவாள். அதில் இந்தியா பெயரளவில்தான் உண்டு, ராகம் இல்லை. ஆனால் அந்தத் தொண்டை செய்யும் வேலையை உங்களைக் கேட்டு வளர்ந்தவனால் மதிக்க முடியும்.

அம்மா, எல்லாவற்றையும் விடப் பெரிய கடன் இது. இவ்வளவு அலங்காரம் எதற்கு என்ற கேள்விக்கு நீங்கள் பாடியே பதில் சொன்னீர்கள். லூசியாவின் சுரங்கள் அவள் பித்து. இரவின் ராணியின் சுரங்கள் அவள் ஆங்காரம். உங்கள் பாட்டில் வார்த்தைகள் தேவனை அழைத்து முடிந்துவிடுகின்றன, சுரங்கள் முடியவில்லை. எங்கள் ஊர் முருகன் சந்நிதியில் தினமும் பார்க்கிறேன். வேண்டுதலைச் சொல்லி முடித்த பிறகும் ஜனம் நகராது. பன்னீர் இலையில் தரும் விபூதி கைக்கு வந்த பிறகும் நிற்கும். சொல்லாமல் மிச்சமிருப்பது ஏதோ எல்லோருக்கும் உண்டு. அந்த மிச்சத்தைப் பாடத்தான் பிருகா என்று உங்களால் நம்புகிறேன். இல்லாவிட்டால் அது வெறும் சாகசமாகி, பாராட்டு முடிந்ததும் மறந்துபோயிருக்கும்.

அம்மா, குண்டூர்ப் பக்கம் பிறந்த நீங்கள் சின்ன வயதில் பாட்டுக் கற்றது பைடிசுவாமி என்ற நாயன வித்வானிடம் என்று படித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 1957-இல் சினிமாவுக்குப் பாட வந்தவர், ஐந்தே வருடத்தில் காருகுறிச்சியாருக்கு எதிரில் அப்படி நின்றது சும்மா இல்லை. அந்த வாத்தியத்தின் போக்கு உங்களுக்கு அரிச்சுவடியிலேயே பழகியது. பின்னாளில் ‘செந்தூரப்பூவே’க்குத் தேசிய விருது வந்தது, குழந்தைக் குரலிலும் கிழவி குரலிலும் பாடி ஆச்சரியப்படுத்தினீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் உங்களை அடையாளம் சொல்வதென்னவோ இந்த ஒரு பாட்டை வைத்துத்தான்.

அம்மா, காருகுறிச்சியார் 1964-இல் போய்விட்டார். உங்கள் பாட்டில் அவர் வாசிப்பை அடுத்த தலைமுறையும் கேட்டது. இன்றும் எங்கள் பக்கக் கல்யாணங்களில் நாயனக்காரர்களிடம் யாராவது வந்து ‘சிங்கார வேலனே’ கேட்காமல் இருப்பதில்லை. பாட அங்கே ஆள் கிடையாது. ஆகவே ஒருவர் காருகுறிச்சியார் பங்கை வாசிக்க, இன்னொருவர் உங்கள் பங்கை வாசிக்கிறார். நீங்கள் மூச்சு எடுத்த இடத்தில்தான் அவரும் எடுக்கிறார். நீங்கள் சுரத்தைப் பிரித்த மாதிரியே நாயனத்தின் சீவாளியில் பிரிக்கப் பார்க்கிறார். நாயனத்திடம் நீங்கள் கற்றதை நாயனம் இப்போது உங்களிடம் கற்றுக்கொள்கிறது. கடனை அவர்கள் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிடுவார்கள். எனக்கு நன்றி சொல்லத்தான் தெரியும்.

இப்படிக்கு,
திருச்செந்தூர் மைக்செட்காரர் மகன்