ஹார்மனி பட்டனும் மோகனமும்

கீபோர்டில ‘ஹார்மனி’ பட்டனைத் தொட்டால் ராகம் கெட்டுப்போகும் எண்டுவா எங்கட சங்கீத ரீச்சர். பாதி உண்மைதான்.

டூயட்டில் நாம் வாசிக்கும் சுரத்தோடு இன்னொன்று சேரும், ட்ரியோவில் இரண்டு. அவற்றை மெஷின் இடது கை பிடிக்கிற கோர்டைப் பார்த்துத்தான் தெரிவு செய்யுது. ராகம் அதுக்குத் தெரியாது.

சி கீயை ‘ஸ’ ஆக வைத்து மோகனம் வாசித்துப் பார்த்தேன். ஜீ மேஜரில் ‘நி’ இருக்கு, எஃப் மேஜரில் ‘ம’ இருக்கு. இரண்டும் மோகனத்துக்கு ஆகாது. சி மேஜரில் ஸ, க, ப. ஏ மைனரில் த, ஸ, க. எல்லாம் ராகத்துக்குள்ளேயே நிற்குது. ஏ மைனரில் அதே மெட்டுக்கு மெல்லிய சோகமும் வந்தது.

பட்டனில ‘ஆட்டோ’ எண்டு எழுதியிருந்தாலும், ராகத்தைக் காப்பாற்ற வேண்டியது எங்கட இடது கைதான்.