திறப்பு

எங்கள் ஊரில் சாவியைத் திறப்பு என்றுதான் சொல்வோம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வேறு ஐந்து குடும்பங்களோடு படுத்திருந்த மாதங்களில் எங்களுக்குக் கூரை இருந்தது, சோறும் கிடைத்தது. கதவு மட்டும் எங்களுடையதாக இல்லை. யாரும் எப்போதும் உள்ளே வரலாம். கூரைக்கும் வீட்டுக்குமான இந்த வேறுபாட்டை நான் முழுதாக விளங்கிக்கொண்டது பல வருடங்கள் கழித்து, ரொறன்ரோவில்.

2009 குளிர்காலத்தில் அந்நகரின் மையத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுத் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். வாசலருகே, நிலத்தடியிலிருந்து வெப்பக்காற்று வரும் இரும்புக் கிராதியின் மேல் இருவர் படுத்திருப்பார்கள். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். யாருக்கும் கேட்காத குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இளையவர், நான் கொடுக்கும் கோப்பியை முதலில் அவருக்குத்தான் நீட்டுவார். இரவு விடுதிக்குப் போகலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அங்கே சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுக்க முடியாது" என்றார் மூத்தவர்.

அந்த வருடம்தான் கனடிய மத்திய அரசின் 11 கோடி டொலர் நிதியில் 'அட் ஹோம்' என்ற ஆய்வுத் திட்டம் ஐந்து நகரங்களில் தொடங்கியது. வீடின்மையும் மனநோயும் சேர்ந்து வருத்தியவர்களுக்கானது அது. பழைய நடைமுறை ஏணி போன்றது: குடியை விடு, மருந்து எடு, விடுதியில் ஒழுங்காக இரு, கடைசிப் படியில் வீடு. பலர் நடுப்படியிலேயே விழுந்தார்கள். 1992இல் நியூயோர்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, மற்றவை, அவர்கள் விரும்பினால், பிறகு. கனடியத் திட்டமும் அவ்வழியையே பின்பற்றியது. வாடகைக்கு வருமானத்தில் 30 வீதம் வரை கொடுத்தால் போதும். வாரம் ஒருமுறை பணியாளர் வந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும்.

ஆய்வு என்பதால், சேர்ந்த 2000க்கு மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீடு. மற்றதற்கு வழக்கமான சேவைகள். மூத்தவருக்கு வீடு கிடைத்தது. இளையவருக்குக் கிடைக்கவில்லை.

2010 கோடையில் அந்த ஒற்றை அறைக்குப் போனேன். கட்டில் இருந்தும் கதவருகே தரையில், சப்பாத்தோடு படுப்பதாகச் சொன்னார். சற்று நேரத்தில் பணியாளரான ஓர் இளம்பெண் வந்தார். கதவைத் தட்டிவிட்டு வெளியே காத்து நின்றார். பெரியவர் எழுந்து, தயங்கி, திறந்தார். மருந்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண், வேண்டாம் என்றதும் வற்புறுத்தவில்லை. வங்கிக் கடிதமொன்றை வாசித்துச் சொன்னார். அடுப்பை அணைப்பதை மறுபடி காட்டிக் கொடுத்தார்.

குளிர் தொடங்கியதும் இளையவர் அங்கே வந்து தங்கினார். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் வந்தார்கள். இரவுச் சத்தம், அயலவரின் முறைப்பாடு, கடைசியில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். நண்பனைப் பனியில் விட மனமில்லாதவர் வீட்டை இழந்தார். பழைய ஏணியில் என்றால் மறுபடி முதற்படிதான். அந்தப் பெண்ணோ இரண்டு மாதங்களில் வேறு வீடு தேடிக் கொடுத்தார். வருகிறவர்களிடம் 'இன்று வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது என்பதை இருவரும் பேசிப் பழகினார்களாம்.

2014இல் இறுதி அறிக்கை வந்தது. கடைசி ஆறு மாதங்களும் தொடர்ந்து வீட்டில் இருந்தவர்கள், முதற்பிரிவில் 62 வீதம். மற்றதில் 31 வீதம். எனக்கு அவை இரண்டு எண்களல்ல, ஒரே கிராதியில் படுத்திருந்த இரண்டு பேர். இளையவரைப் பிறகு நான் காணவேயில்லை.

மூத்தவரின் இரண்டாவது வீட்டுக்குப் போன நாளில், நானும் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே பூட்டுத் திரும்பும் ஓசை கேட்டது. அவர் வெறுங்காலோடு நின்றார்.