தொழுவத்துத் தோழமை

பிசிராந்தையார், கோப்பெருஞ்சோழன் நட்பினை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் உள்ளம் உறையூருக்குச் செல்வதில்லை. தஞ்சைத் தரணியில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த நம் பாட்டனார் வீட்டுக் கொல்லைக்கே செல்லும். பாண்டிநாட்டுப் புலவரும் சோழவேந்தரும் ஒருவரையொருவர் காணாமலேயே நண்பராயினர் என்பது புறநானூறு காட்டும் செய்தி. "காணாமல் நட்பு வருமா ஐயா?" என மாணவர் வினவுவர். இனமே வேறாயினும் வரும், நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம் என்போம். வகுப்பு சிரிக்கும். அச்சிரிப்புக்குப் பின்னுள்ள கதையை இம்மலர் வாயிலாகச் சொல்ல விழைகிறோம்.

1990ஆம் ஆண்டை ஒட்டிய காலம். நமக்கு அப்போது எட்டு வயது. நன்னா, நன்னி, பெரியத்தா, அத்தா, பிள்ளைகள் என அனைவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோம். கொல்லையில் ஒரு செவலைப் பசு, அதன் கன்று, சில ஆடுகள், கோழிகள், ஒரு பூனை. களத்துமேட்டுக் காவலுக்கு ஒரு நாய். நாய் வாசற்படி தாண்டியதில்லை. பூனைக்கோ அடுக்களை வரை உரிமை உண்டு. அபூஹுரைரா (ரலி) என்னும் நபித்தோழரின் பெயர் 'பூனைக்குட்டியின் தந்தை' எனப் பொருள்படும் என்று சொல்லியே நன்னி அவ்வுரிமையை வழங்கியிருந்தார். பூனையும் அவ்வுரிமையைத் தனியே துய்க்கவில்லை. கிடைத்த மீன்தலையைக் கவ்விக்கொண்டு களத்துமேட்டுக்குப் போகும். பாதியைத் தின்று, மீதியை நாயின் முன்னே விட்டுவிட்டு வரும்.

ஒருமுறை அடைக்கு அமர்ந்த பெட்டைக்கோழிக்கு நன்னி வாத்துமுட்டைகளை வைத்தார். கோழிமுட்டை 21 நாளிற் பொரியும். வாத்துமுட்டைக்கோ 28 நாள் வேண்டும். கூடுதலாக ஒரு வாரம் பொறுத்திருந்து பெற்ற பிள்ளைகள், கொல்லைக் குட்டையைக் கண்டதும் நீரில் இறங்கிவிட்டன. கோழி கரையெங்கும் ஓடிக் கதறியது. சில நாளில் அதுவும் பழகிவிட்டது. பள்ளி வாயிலில் பிள்ளைக்குக் காத்திருக்கும் தாய்போலக் கரைநிழலில் அமர்ந்து காத்திருக்கும்.

இவர்கள் நட்பையெல்லாம் விஞ்சியது செவலைக்கும் வெள்ளச்சிக்கும் இருந்த நட்பு. வெள்ளச்சி, பிறந்த சில நாளிலேயே தாயை இழந்த ஆட்டுக்குட்டி. நன்னி அதனைச் செவலையின் மடியில் விட்டார். முதல் நாள் உதைத்த பசு, மூன்றாம் நாள் நக்கிக்கொடுத்தது. அன்றுமுதல் வெள்ளச்சி தான் ஆடு என்பதையே மறந்துபோயிற்று. ஏனைய ஆடுகள் வேலித்தழை தேடிப் போகும். இதுவோ செவலையின் பக்கத்தில் நின்று வைக்கோல் மெல்லும். பசுவைக் குளிப்பாட்ட ஆற்றுக்கு ஓட்டினால், தண்ணீரைக் கண்டால் அஞ்சும் சாதியிற் பிறந்த இது, கரையில் நின்று கத்திக் கத்தி, முடிவில் முழங்காலளவு நீரில் நடுங்கியபடி நிற்கும். பசு படுத்தால் அதன் முதுகின்மேல் ஏறி உறங்கும்.

வேடன் வலையிற் பட்ட மான் தன் குட்டிக்குப் பாலூட்டி வர, அண்ணல் நபிகள் (ஸல்) பிணை நின்ற வரலாற்றை உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் பாடியுள்ளார். எழுத்தறியாத நன்னி அக்கதையை வெள்ளச்சியின் தலையைத் தடவியபடியே நமக்குச் சொன்னார். பிற்காலத்தில் அப்பகுதியைப் பாடமாகப் படித்தபோது, நாம் முன்பே படித்ததுபோல் இருந்தது.

1993இல் நன்னா வஃபாத்தானார்கள். சொத்தைப் பிரிக்க மார்க்கத்தில் கணக்கு உண்டு. மனத்தாங்கலைத் தீர்க்க ஏது கணக்கு? எல்லையில் நின்ற மூன்று தென்னைகள் யாருக்கு என்பதில் சொல் தடித்தது. கொல்லையின் நடுவே செங்கற்சுவர் எழுந்தது. செவலையும் வாத்துகளும் பெரியத்தா பங்கு. கோழியும் வெள்ளச்சியும் எங்கள் பங்கு. நன்னியும் பங்கிடப்பட்டார்: இங்கே ஒரு மாதம், அங்கே ஒரு மாதம். முழங்கால் வலியோடு தெருவைச் சுற்றித்தான் அவர் ஒரு மகன் வீட்டிலிருந்து மறுமகன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

வாத்துகள் பிரிவினையை ஏற்கவில்லை. சலதாரைத் துளை வழியே நாள்தோறும் வந்து கோழியைக் கண்டு சென்றன. வெள்ளச்சி வைக்கோற்போரின் மேலேறிச் சுவருக்கு அப்பால் குதித்தது. இருமுறை பொறுத்த அத்தா, மூன்றாம் முறை கட்டிப்போட்டார். இரண்டு நாள் அது இலை தொடவில்லை. மக்களோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்தான் கோப்பெருஞ்சோழன். எங்கள் வீட்டார் பகையால் வடக்கிருந்தது வெள்ளச்சி. சுவருக்கு அப்பால் செவலையும் பாலை அடக்கிக்கொண்டது. மனங்கலங்கிய பசு சுரக்காது என்பது கறவை வைத்தோர் அறிந்ததே.

மூன்றாம் நாள், சுபுஹுத் தொழுகை முடித்து வந்த பெரியத்தா சுவரோரம் நின்று குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்த ஆட்டை அவுத்து விடப்பா. பசு கறக்க விடமாட்டேங்குது."

ஐந்து மாதத்திற்குப் பின் தம்பியோடு அவர் பேசிய முதற்பேச்சு அது. அத்தா நெடுநேரம் நின்றார். பிறகு, "சுவரு தாண்டிக் குதிச்சுக் கால் ஒடிஞ்சுட்டா என்னண்ணே பண்றது?" என்றார். அப்பால் மறுமொழி இல்லை. கடப்பாரை இடிக்கும் ஓசைதான் கேட்டது. அத்தாவும் இப்பக்கமிருந்து கல்லைப் பெயர்க்கத் தொடங்கினார்.

இரண்டு முழ அகலத்தில் வழி பிறந்தது. வெள்ளச்சி பாய்ந்து சென்றது. அடுத்து யாரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. திண்ணையிலிருந்து எழுந்து வந்த நன்னி, தலை குனிந்து, சுவரைப் பற்றிக்கொண்டு, அவ்வழியே நடந்தார். ஆட்டுக்குத் திறந்த வழியில் பெற்ற தாய் நடப்பதை இரு மக்களும் பார்த்து நின்றனர். எவரும் வாய் திறக்கவில்லை. அன்றுமுதல் 2001இல் கண்மூடும் வரை, நன்னிக்குக் காலை உணவு இங்கே, இரவு உணவு அங்கே.

தென்னை வழக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று அக்கொல்லையில் பசுவும் இல்லை, ஆடும் இல்லை. சுவர் பூசப்பட்டு நிற்கிறது. அவ்வழியை மட்டும் இன்றுவரை எவரும் அடைக்கவில்லை.

மாணாக்கச் செல்வங்களே! சுவர் எழுப்ப வேண்டிய நாள் உங்கட்கும் வரலாம். எழுப்பும்போது, ஓர் ஆடு நுழையும் அளவேனும் இடம் விட்டு எழுப்புங்கள்.