நேப்பிள்ஸ்: சாம்பலில் கிடைத்த இந்தியப் பெண்

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பாம்பெய் நகரைப் பார்க்க, இத்தாலியின் நேப்பிள்ஸில் தங்குவதே வசதி. கரிபால்டி நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடப் பயணம். கூட்டத்தில் ஜேப்படிக்காரர்கள் உண்டு, பர்ஸ் ஜாக்கிரதை. பாம்பெய்யில் நிழல் அரிது. கோடையில் காலையிலேயே போய்விடுவது நல்லது. நேரம் குறைவென்றால் வழியிலுள்ள ஹெர்குலேனியம் போதும்: சிறிய ஊர்தான், ஆனால் மாடி வீடுகளும் கருகிய மர உத்தரங்களும் அப்படியே நிற்கின்றன.

இந்தியர்கள் தவறவிடக் கூடாத பொருள் மட்டும் பாம்பெய்யில் இல்லை. 1938இல் அங்கு கிடைத்த இந்தியத் தந்தச் சிலை, நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சி என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. ரோமாபுரியுடன் நடந்த கடல் வணிகத்துக்கு அவளே சாட்சி. அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று பாம்பெய்க்குப் போகலாம்.